வெள்ளைத் தாளைப் பழைய காகிதம் போல ஆக்குவது எப்படி?

நீங்கள் கேட்டது கையால் தைக்கும் நோட்டுக்கும் வாழ்த்து அட்டைக்கும் என்பதால், என் நோட்டுகளுக்கு நான் செய்வதையே சொல்கிறேன்.

முதலில் வீட்டில் இருக்கும் பழைய பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஓரம்தான் அதிகம் பழுத்திருக்கும், நடுப்பகுதி வெளிறியே இருக்கும். மடித்த இடம் நைந்து அழுக்கேறியிருக்கும். காற்றும் வெளிச்சமும் ஓரத்திலிருந்துதானே உள்ளே போகின்றன! நிறையப் பேர் தாளை முழுசாக டீயில் முக்கி, ஓரத்தை மெழுகுவத்தியில் கருக்கிவிடுகிறார்கள். அது தீயில் தப்பிய தாளாகத் தெரியும், பழைய தாளாகத் தெரியாது.

சாயத்துக்கு வெறும் டீ டிகாஷன் போதும். இரண்டு டம்ளர் தண்ணீருக்கு நான்கு ஸ்பூன் தூள், நன்றாகக் கொதித்ததும் வடிகட்டி ஆறவையுங்கள். பால், சர்க்கரை கூடவே கூடாது. ஒரு முறை மிஞ்சிய பால் டீயைத் தடவினேன். மழைக்காலத்தில் நோட்டு முழுக்கப் பூஞ்சை. இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தது, இன்னும் மனசு ஆறவில்லை.

நனைப்பதற்கு முன்பே தாளைக் கசக்கி விரித்துவிடுங்கள். நார் உடைந்த இடத்தில் சாயம் கூடுதலாக இறங்கி, கோடு கோடாகத் தெரியும். தாள் முழுக்க டிகாஷனை நீர்க்கத் தடவிக் காயவிட்டு, அப்புறம் ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கெட்டியாகத் தடவுங்கள். ஈரம் இருக்கும்போதே இன்ஸ்டன்ட் காபித் தூள் நாலைந்து துகள் தூவி, ஒரு நிமிடத்தில் துணியால் ஒற்றி எடுத்தால், ஓதம் பட்ட புள்ளிகள் அப்படியே வரும். நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் துணி போட்டு இஸ்திரி போடுங்கள்.

ஓரத்தை வெட்டாதீர்கள். ஸ்கேல் வைத்து, ஈரத் தூரிகையால் கோடிழுத்துக் கிழியுங்கள். தாளில் எழுத்து வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், இங்க்ஜெட் மை கரைந்து ஓடிவிடும்.

மடிப்பில் கருமை வேண்டுமா? கடுக்காய் ஊறிய தண்ணீரைத் தடவி, காய்ந்ததும் துரு ஊறிய தண்ணீரை மெல்லிய தூரிகையால் இழுத்தால் கண்ணெதிரே கருக்கும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் இப்படித்தான்: கடுக்காய் ஏற்றிய துணிமேல் வெல்லமும் இரும்பும் ஊறிய கரைசல்.

சாயமே வேண்டாம் என்றால் அச்சடிக்காத செய்தித்தாள் காகிதம் வாங்குங்கள். அதன் மரக்கூழில் இருக்கும் லிக்னின் (மரத்தின் நார்களைப் பிணைக்கும் பொருள்) வெயிலில் தானாகவே பழுக்கும். நடுவில் சற்றுச் சிறிய அட்டையை வைத்து, மேலே கல் வைத்து மொட்டைமாடியில் சில நாள் விட்டால் ஓரம் மட்டும் மஞ்சளாகும். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான்.

இந்தத் தாள்கள் எதிலும் வீட்டின் அசல் பழைய புகைப்படங்களை மட்டும் ஒட்டாதீர்கள். தாளில் உள்ள அமிலம் படத்தையும் பழுக்க வைத்துவிடும், பிரதி எடுத்து ஒட்டுங்கள்.