பயோரியாக்டர்ல (செல் வளக்குற தொட்டி) காத்து ஊதுறதுக்கு பதிலா ஆக்சிஜன் சுமக்குற திரவம் எதுக்கு? வெறும் ஏர் பம்ப் போதாதா?

வடசேரில எங்க சித்தப்பா கலர் மீன் கடை வச்சிருக்காரு. வெளியூருக்கு மீன் பேக் பண்ணும்போது கவர்ல தண்ணி கொஞ்சம்தான் விடுவாரு, மீதி முழுக்க சிலிண்டர் ஆக்சிஜன அடைச்சு ரப்பர் பேண்ட் இறுக்கிடுவாரு. தண்ணிய கூட்டி விட்டா என்னன்னு சின்ன வயசுல கேட்டதுக்கு "தண்ணில எங்கலே மக்கா அவ்வளவு காத்து நிக்கும்"னாரு. உங்க கேள்விக்கு பாதி பதில் அதுதான்.

நான் வெளியூர்ல ஒரு லேப்ல கொஞ்ச வருஷம் செல் வளத்தவன். 37 டிகிரில மீடியத்துல, அதாவது செல் வளர்ற சத்து திரவத்துல, காத்துல இருந்து லிட்டருக்கு 7 மில்லிகிராம் கிட்டதான் ஆக்சிஜன் கரையும், மில்லிக்கு ஒரு கோடி செல் இருந்துச்சுன்னா அஞ்சாறு நிமிஷத்துல தீந்துரும், அதனால ஊதிக்கிட்டே இருக்கணும். ஊதுனா குமிழி மேல வந்து வெடிக்கிற இடத்துல செல்லும் சேந்து கிழியும், விலங்கு செல்லுக்கு பாக்டீரியா மாதிரி சுவர் கிடையாதுல்லா. ப்ளூரானிக் எஃப்68னு செல்ல குமிழில இருந்து காப்பாத்துற ஒரு சேர்மானம் போட்டா கொஞ்சம் தாங்கும். ஒருநாள் ராத்திரி நுரை பொங்கி மேல காத்து வெளிய போற ஃபில்டர் நனைஞ்சு அடைச்சு, காலைல போனா எல்லாம் போச்சு, ரெண்டு வார வேலை.

அப்பதான் நீங்க கேட்ட அந்த ஆக்சிஜன் சுமக்குற திரவம், பெர்ஃப்ளோரோகார்பன், எடுத்து பாத்தோம். ஒரு லிட்டர் பாட்டில தூக்குனா கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, கை ஒரு நொடி ஏமாந்துரும். தண்ணில கலக்காது, எண்ணெய் மாதிரி மிதக்கவும் செய்யாது, அடில போய் கண்ணாடி மாதிரி உக்காரும். சுத்தமான ஆக்சிஜன் குடுத்தா 100 மில்லில 40 மில்லி வாயு வரைக்கும் புடிச்சு வைக்கும், தண்ணி அதே நிலைல ரெண்டரை மில்லிதான். 1966ல லேலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும் இந்த மாதிரி திரவத்துக்குள்ள எலிய முக்கி மூச்சு விட வச்சாங்க, அதுக்கப்புறம்தான் இது பிரபலமாச்சு.

ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க, ரெண்டுக்கும் ஒரே வாயுவ குடுத்தா, இத ஊத்துனதால மட்டும் மீடியத்துல கரைஞ்ச ஆக்சிஜன் அளவு ஏறாது. மீட்டர்ல அதே நம்பர்தான் காட்டும், செல் எடுக்க எடுக்க இது விட்டுக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். வெளிய எடுத்து ஆக்சிஜன் ஏத்தி திரும்ப உள்ள விடலாம், குமிழியே வேண்டாம். கார்பன் டை ஆக்சைடையும் நல்லா கரைச்சு வெளிய கொண்டு போகும், அது எனக்கு ரொம்ப புடிச்சது.

தலைவலி எங்கன்னா, பொடி துளியா எமல்ஷன் ஆக்கி (பால் மாதிரி) கலந்தா, செல்ல பிரிக்க சுத்துற சென்ட்ரிஃப்யூஜ் மெஷின்ல செல்லுக்கு கூடவே அதுவும் அடில இறங்கிரும், பிரிக்கதுக்குள்ள மூச்சு முட்டும். விலையும் ஜாஸ்தி, மண்ணுல போனா மக்காத சாமானம் வேற. பெரிய டேங்க்ல மருந்து புரதம் எடுக்குறவங்க பெரும்பாலும் இன்னும் ஏரோ ஆக்சிஜனோதான் ஊதுறாங்க, சின்ன ரியாக்டர்ல நுரை தாங்காத செல் வச்சிருக்கீங்கன்னா மட்டும் இத ட்ரை பண்ணுங்க, அதுவும் எமல்ஷனா இல்லாம அடில லேயரா விட்டு.