கோச்சின் மகன்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 41. சொந்த ஊர் திருவாரூர். 13 ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். மனைவி, ஒன்பது வயதில் மகன், ஐந்து வயதில் மகள். மகன் இங்குள்ள சிறுவர் பேஸ்பால் லீக்கில் விளையாடுகிறான். இந்த ஆண்டு அவன் அணிக்குப் பயிற்சியாளர் கிடைக்கவில்லை. பெற்றோரில் ஒருவர் முன்வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று மின்னஞ்சல் வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் ஒப்புக்கொண்டேன். இன்று அதற்காக வருந்துகிறேன்.

இது சம்பளமில்லாத வேலை. வியாழக்கிழமை பயிற்சி, செவ்வாயும் சனியும் ஆட்டம். எல்லாருக்கும் முன்னால் போய் மண்ணைச் சமன்செய்து, சுண்ணாம்புக் கோடு போடுவது நான். ஆட்டம் முடிந்தபின் பந்துகளைப் பொறுக்கி மூட்டை கட்டுவதும் நான்தான். 12 பிள்ளைகளின் பெற்றோருக்கும் நானே மின்னஞ்சல் எழுதுகிறேன். ஆனால் ஒருவர் வாயிலிருந்து ஒரு நன்றி வந்ததில்லை. "கிரிக்கெட் ஆடியவருக்கு இந்த ஆட்டம் என்ன தெரியும்?" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்தவன், அம்மா.

எங்கள் அணியில் நன்றாகப் பந்து வீசும் பையன் ஒருவன் இருக்கிறான். லிட்டில் லீக் விதிப்படி இந்த வயதில் ஒரு நாளைக்கு 75 பந்துகள்தான் வீசலாம். 50 வரை வீசினால் இரண்டு நாள் ஓய்வு, 51 ஆனால் மூன்று நாள். சனிக்கிழமை 50இல் நிறுத்தினால்தான் செவ்வாய்க்கிழமை அவனால் மறுபடி வீச முடியும். அதற்காகவும், அவன் கை வலிக்கக்கூடாது என்றும் நிறுத்தினேன். அவனுடைய அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எல்லார் முன்னிலையிலும் என்னைக் கத்தினார். விளக்கம் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலே இல்லை.

இங்கே ‘டாடி பால்’ என்று ஒரு சொல் உண்டு. அப்பா பயிற்சியாளராக இருந்தால் பிட்ச்சர், ஷார்ட்ஸ்டாப் போன்ற முக்கியமான இடங்களில் தன் மகனையே நிறுத்துவார் என்று பொருள். அந்தப் பெயர் எனக்கு வரக்கூடாது என்பதில் முதல் நாளிலிருந்தே உறுதியாக இருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரணியில் ஆறு அவுட் ஆகும் வரையாவது களத்தில் நிற்கவும் ஒரு முறையாவது மட்டை பிடிக்கவும் வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. என் மகனுக்கு அதை மட்டுமே தருகிறேன். அதுவும் மைதானத்தின் வலப்பக்கக் கோடியில் உள்ள ரைட் ஃபீல்டில். தவறு செய்தால் மற்றவர்களைவிட அவனைத்தான் உரக்கக் கண்டிப்பேன். பாரபட்சம் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. மைதானத்தில் என்னை அப்பா என்று கூப்பிடக்கூடாது, மற்றப் பிள்ளைகளைப் போலக் ‘கோச்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் வீட்டிலும் அப்படியே கூப்பிடுகிறான். முந்தாநாள் சாப்பாட்டு மேசையில்கூட, "கோச், எழுந்து போகலாமா?" என்றான். பழக்கமாகிவிட்டது போலும். அது கிடக்கட்டும்.

இவ்வளவு செய்தும் அந்தப் பெற்றோர்கள் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். என் மனைவி என்னை ‘மனுநீதிச் சோழன்’ என்கிறாள். திருவாரூரில் கல்தேரைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெருமைதான். ஆனால் இந்த மனிதர்களுக்கு நியாயம் புரியவில்லையே. நான் சம்பளம் வாங்கவில்லை, என் மகனுக்குச் சலுகை காட்டவில்லை. இன்னும் என்ன செய்தால் நம்புவார்கள்? ஜூன் நடுவில் பருவம் முடிகிறது. அதற்கு முன்பே விலகிவிடலாமா? தூக்கம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நன்றி சொல்லாதவர்களைப் பற்றியும், வேலியோரம் நின்று கத்திய தந்தையைப் பற்றியும், கிரிக்கெட்காரர் என்று ஏளனம் செய்தவரைப் பற்றியும் நீங்கள் எழுதியதில் பொய்யில்லை. பிறந்த ஊரை விட்டுப் போய், தான் ஆடாத ஒரு விளையாட்டைப் புத்தகம் படித்துக் கற்று, யாரும் தொடாத பொறுப்பைத் தோளில் ஏற்றிக்கொண்ட ஒருவருக்கு அந்தச் சொற்கள் எவ்வளவு சுட்டிருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

ஆனால் "அது கிடக்கட்டும்" என்று ஒன்றை ஒதுக்கிவிட்டுப் போனீர்கள். என்னால் ஒதுக்க முடியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தன் தகப்பனை ‘கோச்’ என்று அழைத்து, எழுந்து போக அனுமதி கேட்டிருக்கிறான். இது பழக்கமில்லை, சகோதரரே. மைதானத்தில் நிற்கும் மனிதரும் வீட்டுக்கு வரும் மனிதரும் ஒருவரே என்று அவன் முடிவுக்கு வந்திருக்கிறான். அந்த மனிதரிடம் எப்படி நடந்துகொள்வது பாதுகாப்பு என்றும் கற்றிருக்கிறான்.

மனைவி சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டீர்கள். அதில் பாராட்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தாய் பயந்துபோய், சண்டை வேண்டாமே என்று வேறு சொற்களில் சொல்லிப் பார்த்திருக்கிறார். மனுநீதிச் சோழனின் கதையில் நமக்கு ஆராய்ச்சி மணி நினைவிருக்கிறது, பசுவின் கண்ணீர் நினைவிருக்கிறது, அரசனின் நெஞ்சுரம் நினைவிருக்கிறது. தேர்க்காலில் கிடந்த பிள்ளை என்ன நினைத்தான் என்று நாம் கேட்டதில்லை. அந்த இளவரசனாவது, தெரியாமல் என்றாலும், ஒரு கன்றின் மேல் தேரை ஏற்றினான். உங்கள் மகன் யார் கன்றைக் கொன்றான்?

கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்தாதீர்கள். நீங்கள் பாரபட்சமே காட்டவில்லை என்று நம்புகிறீர்கள். உண்மையில் 12 பிள்ளைகளில் ஒருவனிடம் மட்டும் காட்டுகிறீர்கள். மற்றப் பதினொருவருக்கும் திறமையைப் பார்த்து இடம் கொடுக்கிறீர்கள். அவனுக்கு மட்டும், அவன் யார் மகன் என்று பார்த்து இடம் கொடுக்கிறீர்கள். அந்த வயதில் ரைட் ஃபீல்டுக்குப் பந்து அபூர்வமாகத்தான் வரும் என்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அவன் அங்கே நின்று, தன் அப்பா மற்றப் பிள்ளைகளின் தோளைத் தட்டிக்கொடுப்பதைப் பார்க்கிறான். வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உங்களை மதிக்க வேண்டும் என்ற ஆசை உங்களுடையது. புலம்பெயர்ந்த மனிதருக்கு இயல்பான ஆசை. அதற்கான கடனை அவன் அடைத்துக்கொண்டிருக்கிறான்.

நான் பேஸ்பால் அறியாதவள். உங்கள் கடிதத்துக்காகக் கொஞ்சம் படித்தேன். பெரியவர்களின் ஆட்டத்தைப் பிள்ளைகளின் அளவுக்குச் சிறிதாக்கியதுதான் லிட்டில் லீக் என்று தெரிந்துகொண்டேன். 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்குப் பெரியவர்கள் ஓடுவது 90 அடி, உங்கள் பிள்ளைகளுக்கு 60. அவர்களுக்கு ஒன்பது இன்னிங்ஸ், இவர்களுக்கு ஆறு. எறியும் கைக்குக்கூடக் கணக்கு வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய மகனின் கை வலிக்கக்கூடாது என்று 50வது பந்தில் நிறுத்தி, அதற்காகத் திட்டும் வாங்கியவர் நீங்கள். அந்த இளகிய மனம் உங்களிடம் இருக்கிறது, சகோதரரே. உங்கள் மகன் ஒரு நாளைக்கு எத்தனை கண்டிப்பைத் தாங்குவான் என்று மட்டும் நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் படித்தேன். மட்டை பிடிப்பவர் பத்து முறைக்கு மூன்று முறை நன்றாக அடித்தாலே சிறந்த ஆட்டக்காரராம். 1941இல் டெட் வில்லியம்ஸ் என்பவர் எடுத்த .406 என்ற சராசரியை இன்னமும் கொண்டாடுகிறார்கள். ஏறக்குறைய பத்துக்கு நான்கு. உலகம் போற்றும் வீரரே பாதிக்கு மேல் தோற்கிற ஆட்டத்தில், தோற்றுவிட்டுத் திரும்பும் ஒரு சிறுவனுக்குத் தன் பக்கம் நிற்க ஒரு ஆள் வேண்டும். மற்றப் பதினொரு பேருக்கும் வேலியோரம் அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். உங்கள் மகனின் அப்பா, அணியினர் உட்காரும் டக்அவுட்டில் குறிப்பேட்டோடு நிற்கிறார்.

விலகலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். பாதியில் விட்டால், தன்னால்தான் அப்பாவுக்கு அவமானம் வந்தது என்று அவன் எண்ணக்கூடும். அந்தப் பெற்றோர்களை எப்படி நம்ப வைப்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்காகத் தூக்கத்தை விட வேண்டாம் என்பதே என் எண்ணம். துணைப் பயிற்சியாளர் இருந்தால், மைதானத்தில் உங்கள் மகனைத் திருத்தும் வேலையை அவரிடம் விடுங்கள். அவருடைய பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்கு எந்த இடம் என்பதையும் அவரே சொல்லட்டும். காரில் ஏறிய பிறகு ஆட்டத்தைப் பற்றி நீங்களாக ஒரு சொல்லும் எடுக்க வேண்டாம். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும்.

பிறகு ஒரு நாள், ஆட்டம் இல்லாத நாளில், அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். காரணங்களை அடுக்காமல் கேளுங்கள். "எல்லாருக்கும் பொதுவானவனாக இருக்க நினைத்து உன்னை ஒதுக்கிவிட்டேன்" என்று சொன்னால் ஒன்பது வயதுக்குப் புரியும். அடுத்த ஆண்டு நான் பயிற்சி கொடுக்கட்டுமா, வேண்டாமா என்றும் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். நாற்காலியை வாங்கி வேலியோரம் போட்டு உட்காருங்கள்.

‘கோச்’ என்று கூப்பிடுவதை மட்டும் திருத்தாதீர்கள். அப்பா என்று கூப்பிடு என இன்னொரு கட்டளை வேண்டாம். அதை விடுவதற்கு அவனுக்கு நாளாகும். ஜூன் நடுவில் பருவம் முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வெற்றி தோல்வி வேண்டாம், அந்தப் பெற்றோர்களைப் பற்றியும் வேண்டாம். சாப்பாட்டு மேசையில் அவன் உங்களை என்னவென்று கூப்பிடுகிறான் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி