மலை வாழையில் இலைகள் கொத்தாக நிற்கின்றன: என்ன மருந்து அடிப்பது?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்துக்கு நடுவே விருப்பாட்சி வாழை வைத்திருக்கிறேன். கன்றுகளைப் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கி நட்டேன். ஏழெட்டு மரங்களில் புது இலைகள் குறுகி, நெட்டுக்குத்தாக, உச்சியில் கொத்தாக நிற்கின்றன. துத்தநாகச் சத்துக் குறைவு என்றார்கள். நுண்ணூட்டம் தெளித்தும் மாற்றம் இல்லை. என்ன மருந்து அடிக்கலாம்? அந்த மரங்களின் பக்கக்கன்றுகளை எடுத்து நடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கன்றுகளை நடாதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோய். தாய்க்கிழங்கில் வைரஸ் இருந்தால், பார்வைக்குத் திடமாகத் தெரியும் ஈட்டிக்கன்றிலும் (குறுகிய இலையுள்ள பக்கக்கன்று) அது இருக்கும்.

சத்துக் குறைவா, நோயா என்பதைத் தோட்டத்திலேயே உறுதி செய்துகொள்ளலாம். குருத்துக்கு அடுத்த இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடிப்பக்கம் பாருங்கள். பக்க நரம்புகளிலும் இலைக்காம்பிலும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தந்திக் குறியீடு போல விட்டுவிட்டு ஓடும். நடுநரம்பை ஒட்டிய இடத்தில் அவை கொக்கியாக வளைந்து இறங்கும். இலை ஓரம் மஞ்சளாகி, மடக்கினால் முறியும். துத்தநாகம் குறைந்தாலும் இலை குறுகும், வெளிறிய பட்டைகள் வரும். ஆனால் இந்தக் கரும்பச்சைக் கோடு வராது.

வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. கடையில் என்ன சொல்லி விற்றாலும் பணத்தை வீணாக்காதீர்கள். மருந்து தேவைப்படுவது நோயைச் சுமந்து திரியும் வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்குத்தான். கரும்பழுப்பு நிறத்தில், குருத்திலும் மட்டை இடுக்கிலும் மண்ணை ஒட்டிய தண்டிலும் கூட்டமாக ஒட்டியிருக்கும். எறும்பு ஊரும் மரத்தில் கட்டாயம் தேடிப் பாருங்கள். அரிவாள் வழியாக இந்த வைரஸ் பரவாது. ஆகவே அரிவாளைக் கழுவுவதில் காட்டும் அக்கறையை அசுவினியின் மேல் காட்டுவது நல்லது.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நோய் மரத்தைக் கண்டவுடன் வெட்டிச் சாய்த்துவிட, வாடும் மரத்தை விட்டு அசுவினி அடுத்த மரத்துக்கு ஏறிவிடுகிறது. முதலில் நோய் மரத்திலும் சுற்றியுள்ள மரங்களிலும் குருத்திலிருந்து தண்டின் அடிவரை பூச்சிமருந்து தெளியுங்கள். நடுவில் காப்பி இருப்பதால், எந்த மருந்து என்பதைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அசுவினி செத்த பிறகே மரத்தைக் கிழங்கோடு தோண்டித் துண்டாக்கி அழிக்க வேண்டும். சரிவில் தோண்ட முடியாத இடத்தில், 50 கிராம் 2,4-டி களைக்கொல்லியை 400 மில்லி நீரில் கரைத்து, மரத்துக்கு 4 மில்லி வீதம் தண்டில் ஊசியால் செலுத்தலாம். தெளித்துவிடாதீர்கள், காப்பி கருகும். தூர் மறுபடி துளிர்த்தால் அதையும் விடக்கூடாது. மற்ற மரங்களுக்கு 21 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அசுவினி மருந்து தேவை.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சியின் பரப்பையே உங்கள் மலையில் சுருக்கியது இந்த நோய்தான். ஒரே தூரை ஆண்டுக்கணக்கில் விட்டு வைப்பதும், கன்றைக் கைமாற்றாக வாங்குவதும் அதற்கு வசதியாகிவிட்டன.

மறுநடவுக்குத் திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள். ஆனால் தாய்மரம் வைரஸ் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். நோயுள்ள தாயிலிருந்து திசு வளர்த்தால் நோயும் சேர்ந்தே வளரும். சந்தேகம் இருந்தால் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம். கன்று கொடுத்த பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசிவிடுங்கள். அவரிடம் நோய் மரம் நிற்கும்வரை உங்கள் தோட்டத்துக்கு அசுவினி வந்துகொண்டே இருக்கும்.