ஆலன் பேஜ் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை? – கடிதம்

வணக்கம்,

அமெரிக்கக் கால்பந்து பற்றி எழுதும்போதெல்லாம் ஆலன் பேஜைத் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள். அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் அதிகாரபூர்வ சாக் பட்டியலில் தேடினேன், அவர் பெயரே இல்லை. பின்னாளில் நீதிபதி ஆனார் என்பதற்காகத்தான் இவ்வளவு பாராட்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியல் உங்களை ஏமாற்றிவிட்டது. எதிரணியின் தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, அவர் எறிவதற்குள் பிடித்துச் சாய்ப்பதுதான் சாக், சரி, ஆனால் லீக் அதை ஒவ்வொரு வீரர் பெயரிலும் எழுதிவைக்க ஆரம்பித்ததே 1982-இல்தான். பேஜ் 1981 சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார். பதினைந்து சீசன் ஆடியவரின் கணக்கில் ஒன்றுகூட இல்லாமல் போனது இப்படித்தான்.

கூட இருந்து பார்த்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியும். 1971-இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவருக்குக் கொடுத்தது. அதற்கு முன் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கும் அது கிடைத்ததில்லை. அவரது அணியான மினசோட்டா வைகிங்ஸ், இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை ஆடி நான்கிலும் தோற்றது, அந்த நான்கிலும் பேஜ் இருந்தார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

நீதிபதி ஆனதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவும் முடியாது. ஆடிக்கொண்டே சட்டம் படித்தவர் அவர். கூடவே நெடுந்தூரம் ஓட ஆரம்பித்தார், உடம்பு இளைத்தது. வரிசையில் நின்று மோதுகிற ஆளுக்கு இந்த எடை போதாது என்று 1978-இல் சீசன் நடுவிலேயே அணி அவரை விடுவித்தது. சட்டப் பட்டம் வாங்கியதும் அதே வருடம்தான். சிகாகோ பேர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது, அங்கே மேலும் மூன்று சீசனுக்கு மேல் ஆடினார், 1979-இல் மாரத்தானும் ஓடி முடித்தார். 1992-இல் மினசோட்டா உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர், எழுபது வயது வரை அங்கே இருந்தார்.

அவர் பிறந்த ஊர் ஒஹாயோவின் கேன்டன். அங்கே இந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் கட்டியபோது பள்ளிப் பையனாக அந்தக் கட்டட வேலையில் கூலிக்கு நின்றவர். 1988-இல் அதே கட்டடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அன்று தன்னை அறிமுகப்படுத்திப் பேச பழைய பயிற்சியாளர் யாரையும் அவர் அழைக்கவில்லை, மினியாபொலிஸ் பள்ளித் தலைமையாசிரியை ஒருவரை மேடையேற்றினார், தானும் படிப்பைப் பற்றித்தான் பேசினார். அதே வருடம் அவர் தொடங்கிய அறக்கட்டளையில், உதவித்தொகை வாங்கிய மாணவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டியிருந்தது.

நேரம் கிடைத்தால் 1971-இல் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக அவர் ஆடியதைத் தேடிப் பாருங்கள். விதிமீறல் என்று அவர்மேல் அடுத்தடுத்து இரண்டு பெனால்டி, மனிதர் கொதித்துப்போகிறார், அப்புறம் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. பந்து நகர்ந்ததும் அவர் வைக்கும் முதல் அடியை மட்டும் கவனியுங்கள், எதிரே நிற்பவர் நிமிர்வதற்குள் பேஜ் அவரைத் தாண்டியிருப்பார்.