விடை தெரிகிறது, விடைத்தாளில்தான் தடுமாறுகிறான்

வணக்கம் டீச்சர். டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதில், எழுதுவதில் சிரமம்) உள்ள உங்கள் மாணவன் வாய்மொழியாகக் கேட்டால் சரியாகச் சொல்கிறான், மாதிரித் தேர்விலோ விடைத்தாளில் விடைக்கான வட்டங்களை மாற்றி நிரப்பிவிட்டுப் பாதியில் அழுதுவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்துப்போனது.

பாடம் ஏறவில்லை என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள். வினாத்தாளுக்கும் விடைத்தாளுக்குமாகக் கண்ணை மாற்றி மாற்றி ஓட்டுவதே அவனுக்குப் பெரும்பாடு. விடையை மனதில் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் 14ஆம் வரி 15 ஆகிவிடும். அதன்பின் எல்லாமே ஒரு வரி தள்ளிப்போகும். முதலில் வினாத்தாளிலேயே விடையை வட்டமிடட்டும். ஒரு பக்கம் முடிந்ததும், விடைத்தாளின்மேல் அளவுகோலை வைத்து, எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிரப்பட்டும். என்னிடம் படித்த ஒரு சிறுமிக்கு இந்த அளவுகோல்தான் கைகொடுத்தது. விடைகளை வேறொருவர் விடைத்தாளில் மாற்றித் தர அனுமதி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கூடுதல் நேரம், வாசித்துக் காட்டுபவர், தனி அறை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி கிடைத்தால் மட்டும் போதாது, வகுப்புத் தேர்வுகளிலேயே அவை பழகியிருக்க வேண்டும். தேர்வன்று முதன்முறையாக ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்தால் பிள்ளை மிரண்டுபோவான். "இன்னொரு முறை வாசியுங்கள்" என்று கேட்கக்கூடப் பல பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், அதையும் சொல்லிக்கொடுங்கள்.

கடிகாரம் இப்போதைக்கு வேண்டாம். 5 கேள்விகள், சிறிது ஓய்வு, மறுபடி 5. பயம் தெளிந்தபிறகு நேரம் குறிக்கலாம். அடுத்த மாதிரித் தேர்வை எப்படி எழுதினான் என்று அவசியம் சொல்லுங்கள்.