வீட்டை அடமானம் வைத்து ஏஐ சீட் வேண்டாம்

ஐயா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தாவது மகளுக்கு ஏஐ இன்ஜினீயரிங் சீட் வாங்கச் சொல்கிறார் மைத்துனர் என்றீர்களே, அது வேண்டாம். வட்டி கட்டப்போவது நீங்கள், அவர் இல்லை.

உங்கள் மகளுக்குப் பிடித்தது தாவரவியல். ஊரிலுள்ள நெல் ரகங்களை நோட்டில் வகை பிரித்து வைத்திருக்கிறாள். 'இதற்கெல்லாம் என்ன வேலை கிடைக்கும்?' என்கிறீர்கள். இதையே கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதுவதுதான் ஆன்டாலஜி.

முதலில் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்: 'தண்ணீர் தேங்கினாலும் தாங்கும் ரகம் எது?' அப்புறம் வகைகள், உறவுகள். மாப்பிள்ளைச் சம்பா நெல்லின் ஒரு வகை. கதிர் அப்படியில்லை, அது நெற்பயிரின் உறுப்பு. இரண்டையும் ஒரே உறவாக எழுதிவிட்டால் கதிரையும் ஒரு ரகமாகவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ரகங்களுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வயலில் இந்த வருடம் நட்ட பாத்தியோ வகையே இல்லை, தனி உருப்படி. இதையெல்லாம் ஒழுங்காக எழுதி, 'வெள்ளம் தாங்கும் நெல்' என்றால் என்ன என்று வரையறுத்துவிட்டால், எந்தெந்த ரகம் அதில் சேரும் என்று ரீசனர் என்ற நிரலே கண்டுபிடித்துவிடும். மரபணுக்களுக்கு இப்படி ஒன்றை 1998-லேயே தொடங்கிவிட்டார்கள். பயிர்களுக்கும் இருக்கிறது, நெல் உட்பட.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் படிக்கட்டும். பிறகு பெங்களூருவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டி.ஆர்.டி.சி. என்ற ஆவணப்படுத்தல் ஆராய்ச்சி, பயிற்சி மையம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1962-ல் தொடங்கியது. நூலகத் தகவலியல் முதுகலைக்கு எந்தப் பட்டதாரியும் நுழைவுத் தேர்வு எழுதலாம். 'நூலகப் படிப்பா?' என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அறிவை வகைப்படுத்துவது அங்கே முக்கியமான பாடம். கட்டணம், உதவித்தொகை விவரங்களை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்டாலஜி எழுதும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பதில்லை. கொஞ்சம் நிரல் எழுதவும் அவள் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் மருந்து ஆராய்ச்சி, மருத்துவத் தரவு, ஆன்லைன் விற்பனை என்று தேவை பல இடங்களில் இருக்கிறது. துறையையும் அறிந்து, வகைப்படுத்தவும் தெரிந்தவர்கள் குறைவு.

சரி, இந்த விடுமுறைக்கு ஒரு வேலை. ஆன்டாலஜி எழுத உதவும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ப்ரோட்டேஜே மென்பொருள் இலவசம். அதில் அவள் நோட்டிலுள்ள நெல் ரகங்களை ஏற்றிப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அவளே சொல்வாள், வேறு வழி பார்ப்போம். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.