இரண்டாவது தட்டை ஏன் எடுத்து வைத்தாள்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரிதானா என்று பாருங்கள். வியாசர்பாடியிலிருந்து லண்டன் போய் மூன்று மாதம் ஆகிறது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ், வாரத்தில் பாதி நாள் இரவுப் பணி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நீங்கள். மகனுக்கு 9 வயது, செப்டம்பரில் இயர் 5 வகுப்புக்குப் போகிறான். ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று படிக்கிறான். ஆனால் ஆண்டு இறுதி ரிப்போர்ட்டில் டீச்சர், வாசிப்பில் அவனுடைய புரிதல் வயதுக்கு ஏற்ற அளவில் இல்லை என்று எழுதிவிட்டார். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலமே பேசலாமா, டியூஷன் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழை நிறுத்த வேண்டாம். டியூஷனும் இப்போது வேண்டாம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. லண்டனில் ஈஸ்ட் ஹாமில் குடியேறி 17 வருடம் ஆகிறது. இப்போது பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ராயபுரம் கல்மண்டபம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். மாடியில் துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தால் கருவாட்டு வாசனையும் சேர்ந்தே வருகிறது. லண்டனில் இதற்காக ஏங்கியிருக்கிறேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

உங்கள் மகன் எப்படிப் படிப்பான் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். பிள்ளை படிக்கிறது என்பதற்கு நம் ஊரில் அடையாளமே சத்தம்தான். அம்மா அடுப்படியில் இருந்துகொண்டே, "சத்தம் போட்டுப் படி, எனக்குக் கேட்க வேண்டும்" என்பார். குரல் நின்றால் திட்டு விழும். படித்தது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படி வளர்ந்த பிள்ளைக்கு எழுத்தை ஒலிப்பது கைவந்த வேலை. இங்கிலாந்தில் அந்த வேலையை இயர் 1-லேயே ஃபோனிக்ஸ் என்கிற எழுத்தொலிச் சோதனை வைத்துப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். இயர் 3 முதல் இயர் 6 வரை, அதாவது 7 வயது முதல் 11 வயது வரை, "நன்றாகப் படிக்கிறானா" என்று டீச்சர் கேட்டால், படித்ததை வைத்து யோசிக்கிறானா என்று பொருள்.

கஃப், டன்மர் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள், கூட்டல் இல்லை. ஒன்று பூஜ்ஜியமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தும் விடை பூஜ்ஜியம்தான். இங்கிலாந்தின் பாடத்திட்டமும் வாசிப்பை இந்த இரண்டு பகுதியாகத்தான் வைத்திருக்கிறது. உங்கள் மகனுக்கு முதல் எண் நன்றாக இருக்கிறது. இரண்டாவது எண்ணும் அவனிடம் இருக்கிறது, ஆனால் தமிழில் இருக்கிறது. அதை நீங்களே மூடி வைக்கப் பார்க்கிறீர்கள்.

போன வாரம் இந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் சின்ன மகளுக்கும் 9 வயதுதான். ஈஸ்ட் ஹாம் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு கதைப் புத்தகத்தைத் தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினாள். ஓர் இடத்தில், ஒரு பெண்மணி சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள். பிறகு ஒரு தட்டை எடுத்து மறுபடியும் அலமாரியில் வைத்துவிடுகிறாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு சொல்கூடத் தடுக்காமல் படித்து முடித்தாள். "ஏன் எடுத்து வைத்தாள்?" என்று கேட்டேன். "தட்டு அழுக்காக இருந்திருக்கும்" என்றாள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. "என்னடி சொல்கிறது உன் புத்தகம்?" என்றார். நான் மூன்று வரியையும் தமிழில் சொன்னேன். கையில் இருந்த மீனைக் கீழே வைக்காமலே, "அந்த வீட்டில் ஓர் ஆள் குறைந்திருக்கிறது. பழக்கத்தில் இரண்டு வைத்துவிட்டாள், பாவம்" என்றார்.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காலையில் அம்மா இரண்டு டம்ளரைக் கழுவி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மகள் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, புத்தகத்தில் நான்கு பக்கம் பின்னால் போனாள். வாசலில் ஆண்பிள்ளை கோட்டு ஒன்று மாட்டியிருக்கிறது, அதன்மேல் தூசி படிந்திருக்கிறது என்று முன்பே ஒரு வரி இருக்கிறது. அதையும் அவள் சத்தமாக, அழகாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். "பாட்டி, அந்தக் கோட்டு!" என்று கத்தினாள்.

உங்கள் டீச்சர் கேட்கிற புரிதல் இதுதான். சொல்லியிருப்பதை வைத்துச் சொல்லாததைப் பிடிப்பது. அந்தப் பயிற்சிக்கு ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்று யார் சொன்னது? புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பேச்சு தமிழில் இருக்கட்டும். "இந்தப் பையன் ஏன் பொய் சொன்னான்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று தமிழில் கேட்டால் உங்கள் மகன் அரை மணி நேரம் பேசுவான். அதையே ஆங்கிலத்தில் கேட்டால் "ஐ டோண்ட் நோ" என்பான், அத்துடன் கதை முடிந்தது. உங்களுக்கே தடுமாறும் ஆங்கிலத்தில் நீங்கள் பேசினால் அவனுக்குக் கிடைப்பதும் தடுமாறும் ஆங்கிலம்தான். ஆங்கிலப் பேச்சைப் பள்ளியும் மைதானமும் பார்த்துக்கொள்ளும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. என் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தவர். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தால் தெருமுனைப் படிப்பகத்தில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். சுற்றி ஏழெட்டுப் பேர் பீடியோடு உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் "அப்படியென்றால் நேற்று மந்திரி சொன்னது பொய்யா?" என்று இடையில் மறித்துக் கேட்பவர்கள் அவர்கள்தான். தாத்தா பழைய பேப்பரைத் தேடி எடுத்து வரியைக் காட்ட வேண்டும். வடசென்னையில் கட்சிக்கு ஒன்றாக, சங்கத்துக்கு ஒன்றாக இருந்த அந்தப் படிப்பகங்களில் நடந்ததை இன்று லண்டனில் வகுப்பறைச் சுவரில் அட்டை எழுதி ஒட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஊகம் சொல், சான்று காட்டு. நீங்களும் அதையே செய்யுங்கள். மகன் எதைச் சொன்னாலும், "உனக்கு எப்படித் தெரிந்தது? அந்த வரியைக் காட்டு" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும். கேள்வித்தாள் மாதிரி பத்துக் கேள்வி அடுக்கினால் பிள்ளை அடுத்த நாள் புத்தகத்தை ஒளித்து வைத்துவிடுவான்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நீங்கள் என்று மாற்றி மாற்றிப் படியுங்கள். தானே படிக்கத் தெரிந்துவிட்டால் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். அது தவறு. பத்துப் பதினொரு வயதிலும் அவனால் தனியாகப் படிக்க முடிகிற புத்தகத்தைவிடக் கொஞ்சம் கடினமானதை நாம் படித்தால் கேட்டுக்கொள்வான், புதுச் சொற்கள் அப்படித்தான் காதில் விழும். உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்படாதீர்கள். நான் "வெஜிடபிள்" என்று நாலு அசையில் படித்ததற்கு என் பெரிய மகள் அன்று முழுக்கச் சிரித்தாள். சரி, நீ டீச்சர், நான் மாணவி என்று புத்தகத்தை அவளிடமே கொடுத்தேன். அன்றுபோல அவள் ஆசையாகப் படித்த நாள் இல்லை.

அவன் படிக்கும்போது ஒவ்வொரு தவறுக்கும் குறுக்கே பாயாதீர்கள். "ஹோம்" என்பதை "ஹவுஸ்" என்று படித்தால் விட்டுவிடுங்கள், அர்த்தம் கெடவில்லை. "ஹவுஸ்" என்பதை "ஹார்ஸ்" என்று படித்துவிட்டு நிற்காமல் போகிறானா? வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து, "குதிரைக்கு எப்படிக் கதவு இருக்கும்?" என்று கேளுங்கள். தானாகத் திரும்பி வருவான். புரியாத சொல்லுக்கு உடனே அகராதியைத் தூக்கவும் வேண்டாம். "ரிலக்டன்ட்லி" என்று ஒரு சொல் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் படித்து அவனே ஊகிக்கட்டும். பிறகு, "ஊரில் ரேஷன் கடை வரிசையில் போய் நில் என்று அனுப்பினால் எப்படிப் போவாய்? அரைமனதாகத்தானே? அதுதான்" என்று சொல்லிவிடுங்கள். இனி மறக்க மாட்டான்.

இரவுப் பணி நாட்களில் உங்களுக்கு நேரம் இல்லையென்றால், சின்னப் பிள்ளைக்கு அவன் கதை படித்துச் சொல்லட்டும். ஆங்கிலத்தில் படித்து, தமிழில் விளக்கட்டும். விளக்க வேண்டுமென்றால் புரிந்தாக வேண்டும்.

பள்ளி ரீடிங் டைரி கொடுத்திருக்கும், பெற்றோர் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு இரவு உட்கார்ந்து வாரம் முழுமைக்கும் மூன்று நிறப் பேனாவில் கையெழுத்துப் போட்ட பாவி நான். டீச்சருக்குத் தெரியாமல் இல்லை. அதைவிட, "இன்று ஒன்பதாம் பக்கத்தில் அந்தப் பெண் ஏன் அழுதாள் என்று அவனுக்குப் புரியவில்லை" என்று வாரத்துக்கு ஒரு வரி உண்மையாக எழுதினால் அவருக்கு உதவும்.

எந்தப் புத்தகம் என்று கேட்டால், அவனுக்குப் பிடித்தது எதுவும். படக்கதையா, படிக்கட்டும். படத்தையும் வசனத்தையும் சேர்த்து இடைவெளியை நிரப்புவதும் ஊகம்தான். படித்ததையே மூன்றாம் தடவை படிக்கிறானா, விடுங்கள். வியாசர்பாடிப் பிள்ளை, காலில் பந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் கால்பந்து ஆட்டக்காரர்களின் வாழ்க்கைக் கதை, ஆட்டச் செய்தி, புள்ளிப் பட்டியல் எல்லாமே வாசிப்புதான். "இந்த அணி தோற்றதற்கு யார் காரணம் என்று எழுதியவர் நினைக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்கே வருவான். எனக்குக் கால்பந்து சுத்தமாகப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

புத்தகத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். உங்கள் பகுதிப் பொது நூலகத்தில் பிள்ளைகளுக்கு உறுப்பினர் அட்டை இலவசம். கோடை விடுமுறையில் சம்மர் ரீடிங் சேலஞ்ச் என்று ஒன்று 1999 முதல் நடத்துகிறார்கள். 4 வயது முதல் 11 வயது வரையுள்ளவர்கள் விடுமுறைக்குள் வழக்கமாக ஆறு புத்தகம் படித்தால் போதும். பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம், காசு இல்லை. இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்கே இரண்டு பேரையும் அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுங்கள்.

இனி டியூஷன். இயர் 6 மே மாதம் சாட்ஸ் என்கிற அரசுத் தேர்வு வரும். ஆங்கில வாசிப்புக்கு ஒரு தாள்: மூன்று பகுதிகள், ஒரு மணி நேரம், 50 மதிப்பெண். அதை 80 முதல் 120 வரையுள்ள அளவுக்கு மாற்றித் தருவார்கள், 100 வந்தால் எதிர்பார்க்கும் அளவை எட்டிவிட்டான் என்று பொருள். சாதாரண அரசு மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பது இந்த மதிப்பெண்ணை வைத்து இல்லை. தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளிக்கான லெவன் பிளஸ் தேர்வு தனி. நம் ஆட்கள் இரண்டையும் குழப்பி, எட்டு வயதிலேயே பிள்ளையை விரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான். மூத்தவளை ஒரு டியூஷன் சென்டரில் எட்டு மாதம் விட்டேன். வாரம் இரண்டு தாள், டிக் அடி, அடுத்தது. பத்தியைப் படிக்காமலே கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து விடை எழுதும் வித்தையைக் கற்றுக்கொண்டாள். ஒரு கதைப் புத்தகத்தை முடிக்கும் பொறுமை போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள். வரி தவறிப் போகிறதா, புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோகிறானா, கண்ணைக் கசக்குகிறானா? அப்படியிருந்தால் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே இலவசம். கண்ணில் குறையில்லாமலும் சிரமம் தொடர்ந்தால் பள்ளியில் சொல்லத் தயங்காதீர்கள். அங்கே பெற்றோர் கேள்வி கேட்டால் டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தமிழ் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். என் மகள் இங்கே மெட்ரோவில் போகும்போது "சுங்கச்சாவடி" என்ற ஸ்டேஷன் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கீழே ஆங்கிலத்தில் "டோல்கேட்" என்று பார்த்து, "கேட் எங்கே?" என்று கேட்டாள். பாட்டி அந்தக் காலத்து வண்டிகளில் ஆரம்பித்து விம்கோ நகர் ஸ்டேஷன் வரை பேச்சை நிறுத்தவில்லை.

நெத்திலிக் கதை இன்னும் முடியவில்லை. தினமும் விளக்கேற்றியதும், "அந்தத் தட்டுக்காரி என்ன ஆனாள்?" என்று அம்மா கேட்கிறார். மகள் மத்தியானமே அடுத்த அத்தியாயத்தைப் படித்துத் தயாராகிவிடுகிறாள். நேற்று ஓர் இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டு, பாட்டி மடக்கியதும் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

ஆகஸ்ட் 29 கிளம்புகிறோம். பெட்டியில் மூன்று கிலோவுக்கு இடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகமோ, எம்.சி. ரோட்டில் துணியோ வேண்டுமென்றால் அதற்கு முன் சொல்லுங்கள். கருவாடு மட்டும் கேட்காதீர்கள்.